கிணறு ஒன்று, போத்தல் இரண்டு

நடுவர் அவர்களே, எதிரணியினரே, இன்றைய திருவிழா உபயகாரரே, வீதியில் பாய் விரித்து இருக்கிற அம்மாமாரே, கச்சான் கடைப் பக்கம் நின்றபடியே கேட்கிற தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம்.

வணக்கம் இவ்வளவுதான். எதிரணித் தலைவர் தனக்குத் தந்த பதினைந்து நிமிடத்தில் நாலு நிமிடத்தை வணக்கத்துக்கே செலவழித்தார். தர்மகர்த்தா தொடங்கி ஒலிபெருக்கி பூட்டிய தம்பி வரைக்கும் ஒருவர் விடாமல் கும்பிட்டார். அதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அணுகுண்டைப் போடலாம் என்று வாதாட வந்தவர். போடுவதற்கு முதல் எல்லோரையும் ஒருமுறை கும்பிட்டுவிடுவது மரியாதைதானே!

தலைப்பு உங்களுக்குத் தெரியும். போரில் அணுவாயுதத்தைப் பயன்படுத்துவது தவிர்க்க முடியாத நிலையில் அறமே என்கிறது அவர்கள் அணி. எந்நிலையிலும் அறமாகாது என்கிறது எங்கள் அணி. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: விழாக்குழுச் செயலாளர் போன் எடுத்து, "பட்டிமன்றம் ஒண்டு இருக்கு, வாறியளோ?" என்று கேட்டபோது, வழக்கம்போலக் கண்ணகியா மாதவியா, கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா என்று ஏதோ ஒன்று இருக்கும் என்று நினைத்துத்தான் ஓம் சொன்னேன். "தலைப்பு அணுகுண்டு" என்றார். "நான் எந்தப் பக்கம்?" என்றேன். "போடக்கூடாத பக்கம்" என்றார். "அப்ப சரி. போடுற பக்கத்துக்கு ஆக்கள் கிடைப்பினமோ?" என்று கேட்டேன். "அண்ணை, அந்தப் பக்கம்தான் முதல் நிரம்பினது" என்றார்!

எதிரணி இதுவரை சொன்னதைச் சுருக்கினால் இதுதான். ஜப்பானில் போட்டபடியால்தான் போர் முடிந்தது. இரண்டு பக்கமும் வைத்திருப்பதால்தான் இன்று வரைக்கும் மூன்றாம் உலகப் போர் வரவில்லை. வைத்திருப்பவன் போடவும் துணிந்தவனாக இருந்தால்தான் மற்றவன் அடங்குவான். கடைசியாக, நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இந்தக் கடைசிக் குற்றச்சாட்டுக்குப் பிறகு வருகிறேன். அதற்குத்தான் கைதட்டல் அதிகம் விழுந்தது, கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதலில், இரண்டு பக்கமும் வைத்திருந்தால் சண்டை வராது என்ற கதை. அதற்கு என்னிடமும் ஒரு கதை இருக்கிறது.

என் சின்ன வயதில் எங்கள் ஊரில் அருகருகே இரண்டு வளவுகள். மேற்கு வளவில் ஒரு அம்மான். கிழக்கு வளவில் ஒரு சட்டம்பியார், கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பெயர் சொல்ல மாட்டேன். ஒருவருடைய பேரன் கனடாவில். மற்றவருடைய பேரன் இந்தப் பாயில்தான் எங்கேயோ இருக்கிறான்.

நடுவில் வேலி. கிளுவைத் தடியும் பூவரசந்தடியும் கதியாலாக நட்ட வேலி. வருடா வருடம் வேலி அடைக்கும்போது கதியால் கொஞ்சம் நகரும். கதியாலுக்குக் கால் இருக்கிறது என்பதை விஞ்ஞானம் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்கள் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டன. இந்த வருடம் நாலு விரல் கிழக்கே போகும், அடுத்த வருடம் ஆறு விரல் மேற்கே வரும். விதானையார் வந்தார், அளக்கச் சேவையர் வந்தார், வழக்குப் பேச அப்புக்காத்து வந்தார். அப்புக்காத்துக்குக் கட்டிய காசுக்கு அந்த நாலு விரல் நிலத்தைப் போல நாலு பரப்பு வாங்கியிருக்கலாம்.

பிறகு அம்மான் ஒரு நாய் வளர்த்தார். சட்டம்பியார் இரண்டு வளர்த்தார். அம்மான் மூன்றாக்கினார். கடைசியில், இரண்டு பக்கத்து நாய்களும் வேலிப் பொட்டுக்குள்ளால் போய் வந்து சிநேகிதமாகிவிட்டன. எசமான்கள்தான் பேச்சுவார்த்தை இல்லை.

இனிக் கேளுங்கள். அந்த இரண்டு வளவுக்கும் ஒரே ஒரு பங்குக் கிணறு. வேலி கிணற்றுக் கட்டு வரைக்கும் வந்து நின்று, மற்றப் பக்கத்தில் மறுபடி தொடங்கும். பாதிக் கிணறு மேற்கே, பாதிக் கிணறு கிழக்கே. ஆளுக்கொரு கப்பி, ஆளுக்கொரு வாளி. தண்ணீர் மட்டும் ஒன்று.

ஒருநாள் வேலி அடைப்பில் வாக்குவாதம் முற்றி, அம்மான் சந்தியில் நின்று ஊர் கேட்கச் சத்தம் போட்டார்: "இனி ஒரு கதியால் அசைஞ்சுதெண்டால், வெங்காயத்துக்கு அடிக்கிற மருந்தைக் கிணத்துக்குள்ள ஊத்துவன்!" சட்டம்பியார் விடுவாரா? "நீர் ஒரு போத்தல் ஊத்தினால் நான் ரெண்டு போத்தல் ஊத்துவன்!" என்றார்.

நடுவர் அவர்களே, இவர் கணக்கு வாத்தியார். அதே கிணறு! அவர் ஊற்றியதைத் தானும் குடிக்க வேண்டும், தான் ஊற்றியதையும் தானே குடிக்க வேண்டும். இரண்டையும் கூட்டிப் பார்க்கத் தெரியாமல் முப்பது வருடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூட்டல் படிப்பித்திருக்கிறார்.

போத்தல் வந்துவிட்டது. ஆளுக்கொன்று. மறைத்து வைத்தார்களா? இல்லை. விறாந்தை வளையில், மற்றவர் கண்ணில் படும்படி தொங்கவிட்டார்கள். மறைத்து வைத்தால் பயம் வராதே! அதற்குப் பிறகு கதியால் அசையவில்லை. ஒரு விரல்கூட அசையவில்லை. எதிரணித் தலைவர் அந்த நாளில் எங்கள் ஊருக்கு வந்திருந்தால், "பார்த்தீர்களா, போத்தல் தந்த சமாதானம்!" என்று ஒரு மாலை போட்டுவிட்டுப் போயிருப்பார். அந்தச் சமாதானம் எப்படி இருந்தது தெரியுமா? விடிய அள்ளுகிற முதல் வாளித் தண்ணீரை யாரும் குடிக்க மாட்டார்கள். நாய்க்கு வைத்துப் பார்ப்பார்கள். தங்கள் நாய்க்கு என்று நினைக்காதீர்கள். பொட்டுக்குள்ளால் வந்திருக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கு!

அப்படியே காலம் போக, ஒரு பனம்பழக் காலம். கிணற்றடியில் ஒரு பனை. சாமம். ஊரே நித்திரை. கிணற்றுக்குள் ஒரு சத்தம்: தொபுக்!

சட்டம்பியார் துள்ளி எழுந்தார். ஒரு கையில் சாரம், மறு கையில் போத்தல். சாரத்தைக் கட்டுவதா, மூடியைத் திறப்பதா என்று ஒரு கணம் யோசித்தார். தேசப் பாதுகாப்புத்தான் முக்கியம் என்று மூடியைத் திறந்தார். கிணற்றடிக்கு ஓடினார். அவருடைய பெண்சாதி, ஆச்சி, திண்ணையிலிருந்து கேட்டா:

"இஞ்சரும், இந்தச் சாமத்தில எங்க ஓடுறியள்?"

"அவன் ஊத்திப்போட்டான். நானும் ஊத்தப் போறன்!"

ஆச்சி எழும்பவும் இல்லை. படுத்தபடியே சொன்னா: "அவன் ஊத்தினது மெய்யெண்டால், நீங்கள் ஊத்தி என்ன பிரயோசனம்? பொய்யெண்டால், விடியத் தேத்தண்ணிக்கு எங்க போறது?"

கச்சான் கடைப் பக்கம் கேட்கவில்லைப் போல இருக்கிறது, இன்னொருமுறை சொல்கிறேன். அவன் ஊற்றியது மெய் என்றால், கிணறு ஏற்கெனவே போய்விட்டது. நீ ஊற்றி அதைத் திருப்பி எடுக்க முடியாது. பொய் என்றால், நல்ல கிணற்றை நீயே நாசமாக்குகிறாய். மெய்யானாலும் ஊற்றக்கூடாது, பொய்யானாலும் ஊற்றக்கூடாது. ஆச்சி இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்கவில்லை. அணுகுண்டுக்கு அணுகுண்டால் பதில் என்று எண்பது வருடமாகப் பெரிய பெரிய கட்டடங்களில் இருந்து திட்டம் போடுகிறவர்கள் எவராவது இந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதியிருந்தால், எதிரணி கொண்டுவந்து வாசிக்கட்டும். நான் இப்போதே இறங்கிவிடுகிறேன்.

சரி, கதையை முடிக்கிறேன், முகங்களைப் பார்க்கத் தெரிகிறது. சட்டம்பியார் டோர்ச் அடித்துக் கிணற்றுக்குள் பார்த்தார். நல்ல பழுத்த பனம்பழம் ஒன்று மிதக்கிறது. நிமிர்ந்தால், எதிர்ப் பக்கத்துக் கட்டில் அம்மான். அவர் கையிலும் மூடி திறந்த போத்தல்! இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அம்மான் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "அது என்ர பனைப் பழமெல்லோ?"

அடுத்த வழக்கு அந்தப் பனம்பழத்துக்கு.

சிரிக்கிறீர்கள். அந்தச் சாமம் உலகத்துக்கே ஒருமுறை வந்தது. 1983 செப்டம்பர் 26. மொஸ்கோவுக்கு வெளியே ஒரு நிலவறையில், ஏவுகணை எழும்புகிறதா என்று பார்க்கிற செய்மதிகளின் கணினிக்கு முன்னால், ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் என்ற ஒரு சோவியத் அதிகாரி இரவுக் கடமையில் இருக்கிறார். திரையில் எச்சரிக்கை: அமெரிக்காவிலிருந்து ஏவுகணை வருகிறது. ஒன்று, பிறகு இன்னொன்று, மொத்தம் ஐந்து. சைரன் அலறுகிறது. அவர் மேலிடத்துக்கு "தாக்குதல்" என்று ஒரு சொல் சொன்னால், மற்றதை மேலே இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். யோசிப்பதற்கு நிமிடக் கணக்கில்தான் நேரம். மனுஷன் யோசித்தார். அமெரிக்கா உண்மையிலேயே போரைத் தொடங்குவதென்றால் வெறும் ஐந்தையா அனுப்பும்? பிழை எச்சரிக்கை என்றே அறிவித்தார். பிறகு பார்த்தால், உயரத்து மேகங்களில் பட்ட சூரிய ஒளியைச் செய்மதி ஏவுகணை என்று எண்ணியிருக்கிறது. அதாவது, பனம்பழம்!

உலகத்தைக் காப்பாற்றியவருக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள் என்று நினைப்பீர்கள். அந்த நேரத்துக் குறிப்புப் புத்தகத்தை ஏன் ஒழுங்காக நிரப்பவில்லை என்று விசாரித்தார்கள். எந்த நாட்டிலும் கந்தோர் கந்தோர்தான். அவர் 2017இல் காலமானார். எதிரணித் தலைவரே, நீங்கள் சொன்ன எண்பது வருடச் சமாதானத்தை உங்கள் போத்தல்களா காப்பாற்றின? போத்தலை மீறி யோசித்த ஓர் ஆச்சி காப்பாற்றினா. அவருக்கு ரஷ்யப் பெயர். இன்றைக்கு ஒன்பது நாடுகளின் கையில் 12,000 அளவில் போத்தல்கள் தொங்குகின்றன. ஆச்சிமார் எத்தனை பேர் கடமையில் இருக்கிறார்கள் என்ற கணக்கை எவரும் தரவில்லை.

அடுத்தது ஜப்பான். இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். குண்டு போட்டபடியால்தான் போர் முடிந்தது என்றார்கள். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி, 15 ஜப்பான் பணிந்தது; தேதிகள் சரி. நடுவில் 8ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஜப்பான் மீது போர் அறிவித்ததை மட்டும் விழுங்கிவிட்டார்கள். குண்டு போட்டிராவிட்டாலும் அந்த 1945ஆம் ஆண்டு முடிவதற்குள் ஜப்பான் நிச்சயமாகப் பணிந்திருக்கும் என்று 1946இல் எழுதியது அமெரிக்க அரசாங்கமே அமைத்த குண்டுவீச்சு ஆய்வுக் குழு. அதை மறுக்கிற வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள், சண்டை இன்னும் ஓயவில்லை. நான் அந்தச் சண்டைக்குப் போகவில்லை. எனக்கு வேண்டியது ஊர்களின் பட்டியல்.

ஓம், பட்டியல் ஒன்று இருந்தது. அதில் கியோட்டோவின் பெயரும் இருந்தது. அமெரிக்கப் போர் அமைச்சர் ஸ்டிம்சன் முன்பு கியோட்டோவுக்குப் போய் வந்தவர். பழைய தலைநகரம், கோயில்கள் நிறைந்த ஊர். வேண்டாம் என்று பிடிவாதமாக நின்று அந்தப் பெயரை வெட்டினார். ஹிரோஷிமாவின் பெயர் வெட்டப்படவில்லை. ஆகஸ்ட் 9ஆம் திகதி விமானம் புறப்பட்டது நாகசாகிக்கு அல்ல, கொக்குரா என்ற ஊருக்கு. மூன்று முறை சுற்றினார்கள். மேகமும் புகையும் மூடி இலக்குத் தெரியவில்லை. சரி, அடுத்த ஊருக்குப் போவோம் என்று திருப்பினார்கள். நாகசாகியில் காலை 11.02க்கு வெடித்தது உரக்காமித் தேவாலயத்துக்குக் கிட்ட. பாவசங்கீர்த்தனத்துக்கு வந்தவர்கள் உள்ளே இருந்தார்கள். கொக்குராவில் அன்றைக்கு வானம் வெளித்திருந்தால், நாகசாகிப் பிள்ளைகள் பின்னேரம் விளையாடப் போயிருப்பார்கள். இதில் எந்த இடத்தில், ஐயா, நீங்கள் சொல்கிற அறம் உட்கார்ந்திருந்தது? விமானத்திலா, மேகத்திலா?

எதிரணித் தலைவர் கம்பனில் தோய்ந்தவர். அவர் ஒரு கேள்வி போட்டார். நல்ல கேள்வி, நானே கைதட்டினேன். இந்திரசித்தை எதிர்த்து இலக்குவன் பிரமாத்திரம் தொடுக்க எழுந்தான். இராமன் தடுத்தான். அதை அறிந்துகொண்ட இந்திரசித்து, அதே அத்திரத்தைத் தான் விட்டான். இலக்குவனும் படையும் விழுந்தார்கள். "முந்தியிருந்தால் விழுந்திருப்பார்களா?" என்று கேட்டார்.

கம்பனில் பாதிப் பாட்டைப் படித்துவிட்டுப் பட்டிமன்றத்துக்கு வரக்கூடாது. இராமன் சொன்ன காரணம் என்ன? இந்தப் படைக்கலத்தைத் தொடுத்தால் அது மூன்று உலகத்தையும் சுடும் என்றான். எதிரே நிற்பவன் ஒருவன். எரியப் போவது மூன்று உலகம். அதனால் தம்பியும் தவிர்த்தான். பிறகு விழுந்தார்கள், மெய்தான். ஆனால் விழுந்தவர்களை எழுப்ப அனுமன் மருந்து மலையையே பெயர்த்துக்கொண்டு வந்தான். எல்லோரும் எழுந்தார்கள். அதே இந்திரசித்தைக் கடைசியில் இலக்குவன் வீழ்த்தியது ஓர் அம்பினால். ஹிரோஷிமாவுக்கு எந்த மலை வந்தது? அந்த ஊர் வைத்தியர்களில் பத்துக்கு ஒன்பது பேர் இறந்தார்கள் அல்லது காயப்பட்டார்கள். சஞ்சீவி கொண்டு வரவேண்டிய அனுமனே எரிந்துபோய்க் கிடந்தான்.

இந்த இராமாயணக் கதையைச் சர்வதேச நீதிமன்றத்தில் எழுதி வைத்தவர் யார் தெரியுமா? எங்கள் இலங்கைக்காரர், நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி. அணுவாயுதம் சட்டத்துக்கு அடங்குமா என்று ஐ.நா. பொதுச்சபை கேட்டதற்கு, 1996 ஜூலை 8இல் ஹேக் நகரத்தில் அந்த நீதிமன்றம் கருத்துச் சொன்னது. பொதுவாகச் சட்டத்துக்கு முரண்தான். ஆனால் ஒரு நாடு அழிந்துபோகும் அந்தக் கடைசித் தறுவாயில் என்ன என்று எங்களால் முடிவாகச் சொல்ல இயலவில்லை என்றது. எதிரணியின் தலைப்பே அந்தப் பொட்டுக்குள்ளால் வந்ததுதான். வாக்கு ஏழுக்கு ஏழு. தலைவர் தன் தீர்மான வாக்கைப் போட்டு முடித்தார். நடுவர் அவர்களே, உங்கள் தொழில் எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள். வீரமந்திரி ஒத்துக்கொள்ளவில்லை. எந்தச் சூழ்நிலையிலும், விதிவிலக்கே இல்லாமல், சட்டவிரோதம் என்று தனியாக நீண்ட தீர்ப்பு எழுதினார். ஆயுதம் எடுக்காதவர்களையும் சேர்த்து அழிக்கிற படைக்கலத்தை, எதிரி அநியாயப் போர் செய்தாலும் தொடக்கூடாது என்று இராமன் தம்பியைத் தடுத்ததை அதில் எடுத்துக் காட்டினார். இராவணன் ஆண்ட தீவிலிருந்து போனவர், இராமன் சொன்ன நியாயத்தை உலகத்துக்குப் படித்துக் காட்டியிருக்கிறார். அந்த ஆயுதத்தை முழுமையாகத் தடை செய்கிற ஐ.நா. உடன்படிக்கையில் 2023இல் இலங்கையும் சேர்ந்துவிட்டது. எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத எங்கள் நாடே இதில் ஒரு பக்கம் நிற்கிறது. எதிரணிதான் தனியாக நிற்கிறது.

சரி, இனி என் பயத்துக்கு வருகிறேன்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், சட்டத்தரணித் தம்பி, நல்ல குரல், நல்ல சேட்டு. அவர் சொன்னார்: "எதிரணித் தலைவர் சீனவெடிக்கே காதைப் பொத்துகிறவர். போன வருடம் தேர்த் திருவிழாவில் வாணவேடிக்கை தொடங்கியதும் மடப்பள்ளிக்குள் ஓடி ஒளித்தவர். இவருக்கு ஆயுதத்தைப் பற்றி என்ன தெரியும்?" நீங்களும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். முன்வரிசையில் என் மனைவியும் சிரித்தா, அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

தம்பி, மெய்தான், ஓடினேன். சால்வை தேர்முட்டியடியில், செருப்பு கோபுர வாசலில், நான் மடப்பள்ளியில். உள்ளே ஐயர், "பொங்கல் இன்னும் இறக்கேல்லை, பிறகு வாங்கோ" என்றார். "ஐயா, நான் பொங்கலுக்கு வரேல்லை, உயிருக்கு வந்தனான்" என்றேன். ஐயர் ஒன்றும் பேசாமல் கொஞ்சம் தள்ளி இருந்து இடம் விட்டார். அப்போதுதான் பார்த்தேன், எனக்கு முதலே அங்கே ஒருவர் குந்தியிருந்தார். தர்மகர்த்தா! ஐயா, மன்னிக்க வேண்டும், வாயில் வந்துவிட்டது.

தம்பி, நீங்கள் பிறந்ததும் படித்ததும் கொழும்பில். அதனால் உங்களில் பிழை இல்லை. இந்த வீதியில் நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லோரும் ஒருமுறை கையைத் தூக்குங்கள் பார்ப்போம். வேண்டாம், கையைத் தூக்கினால் காதைப் பொத்த முடியாது. இவர்களைக் கேளுங்கள் தம்பி. போர்க் காலத்தில் வானத்தில் வருவது ஹெலியா, சியாமாசெட்டியா, புக்காராவா, கிபிரா என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார்கள். எங்களுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு பிந்தித்தான் பாடமானது, இது முந்திப் பாடமானது. வீட்டுக்கு வீடு பங்கர்; பனங்குத்தி அடுக்கி, மேலே மண்மூட்டை. பொம்பர் வந்தால் என் அம்மா ஒரு கையில் தங்கச்சியைத் தூக்குவா, மறு கையில் காணி உறுதிப் பெட்டியைத் தூக்குவா. அடுப்பில் மீன்குழம்பு கொதித்தால் மட்டும் ஒரு கணம் நிற்பா. எதை விடுவது என்று அவவுக்கு இருந்த குழப்பம் பெரிய தளபதிகளுக்கும் இருந்திராது. ஒருநாள் உறுதிப் பெட்டியை விட்டுவிட்டுச் சட்டியோடு இறங்கினா. குண்டு விழுந்து ஓய்ந்த பிறகு நாங்கள் எல்லோரும் பங்கருக்குள் இருந்தே குழம்பும் பாணும் சாப்பிட்டோம். கையில் நடுக்கம் நிற்காமல் அப்பா பாதிக் குழம்பைச் சாரத்தில் ஊற்றிக்கொண்டார்.

அந்தக் கை இன்றைக்கு வரைக்கும் என்னிடம் இருக்கிறது, தம்பி. வெடி என்றால் அதுவாகவே காதுக்குப் போகிறது. இதைப் பயம் என்றால், எனக்குப் பயம்தான். இந்த ஊருக்கே பயம்தான். ஆயுதத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டீர்கள். பொம்பர் போன பிறகு பங்கரை விட்டு வெளியே வரலாம் என்று தெரியும். காயப்பட்டவரைச் சைக்கிள் பாரில் வைத்தாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடலாம் என்று தெரியும். அங்கே ஒரு டொக்டராவது இருப்பார் என்று தெரியும். இந்த மூன்றும் எங்களிடம் இருந்தன. எங்கள் போரிலும் சாவு மலிந்துதான் கிடந்தது. இந்தப் பாயில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு பெயர் இருக்கிறது, நான் கேட்கப் போவதில்லை. ஆனாலும் இந்த மூன்றும் இருந்தன.

ஹிரோஷிமாவில் அன்று காலை 7.09க்குச் சைரன் அடித்தது. சனம் ஒளிந்தது. 7.31க்கு, ஆபத்து இல்லை என்று அறிவித்தார்கள். எங்களைப் போலத்தான் வெளியே வந்தார்கள். அடுப்பை மூட்டினார்கள், வேலைக்கு வெளிக்கிட்டார்கள். தீ பரவாமல் தடுக்கிறதற்கென்று வீடுகளை இடித்து இடைவெளி விடுகிற வேலைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் தெருவில் இறக்கியிருந்தார்கள். யாரோ ஒருவர் வங்கி திறக்கும் வரைக்கும் வாசல் கற்படியில் குந்தியிருந்தார். பிறகு சில விமானங்கள் மட்டும் தெரிந்தன. வேவு பார்க்க வந்திருக்கும் என்று நினைத்தார்கள். 8.15. வங்கிப் படியில் இருந்தவருடைய நிழல் போல ஒரு கறுப்பு அடையாளம்தான் அந்தக் கல்லில் மிஞ்சியது. அந்தக் கல் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வருடம் முடிவதற்குள் ஏறக்குறைய 140,000 பேர். குண்டு போட்டதை அறிவித்த அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமனின் அறிக்கையில் அந்த ஊருக்குக் கொடுத்த பெயர், "முக்கியமான ஜப்பானிய இராணுவத் தளம்".

அந்த இராணுவத் தளத்தில் ஒரு பையன் இருந்தான். நாலு வயது ஆகவில்லை. அவனிடம் ஒரு மூன்று சில்லுச் சைக்கிள். அன்று காலை வீட்டுக்கு முன்னால் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். இராத்திரி செத்துப்போனான். அவ்வளவு சின்னப் பிள்ளையைத் தூரத்தில் தனியாகக் கொண்டுபோய் வைக்கத் தகப்பனுக்கு மனம் வரவில்லை. வீட்டு வளவிலேயே கிடங்கு வெட்டி, கருகின சைக்கிளையும் பக்கத்தில் வைத்துப் புதைத்தார். அவனுக்கு அது விருப்பமானது, விளையாடட்டும் என்று. நாற்பது வருடம் கழித்து, 1985இல், பிள்ளையின் எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்ற அந்தக் கிடங்கைத் தோண்டினார். சைக்கிள் அப்படியே துருப்பிடித்துக் கிடந்தது. அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்.

நாற்பது வருடம் அந்த மனுஷன் தன் வளவில் எப்படி நடந்திருப்பார்? தண்ணீர் அள்ளப் போகும்போது அந்த இடத்தைச் சுற்றிப் போயிருப்பாரா? நல்லது கெட்டதுக்கு வந்த சனம் அந்த இடத்தில் கதிரை போட வந்தால் என்ன சொல்லித் தடுத்திருப்பார்? எனக்கு இதற்கெல்லாம் நியாயம் பேசத் தெரியவில்லை, நடுவர் அவர்களே. சட்டத்தரணித் தம்பி தெரிந்தவர், அவர் பேசட்டும். போர் சீக்கிரம் முடிந்தது என்று அந்தத் தகப்பனுக்கு விளங்கப்படுத்தட்டும். அம்மா, நீங்கள் ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள்? எதிரணியினருக்குப் புள்ளி குறைந்துவிடப் போகிறது.

இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள், இதோ முடிக்கிறேன். எனக்குப் பிறகு எதிரணியில் பேசப் போகிற தங்கச்சியிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். தவிர்க்க முடியாத நிலை, தவிர்க்க முடியாத நிலை என்று மூன்று பேரும் சொல்லுவீர்கள். நிலையைச் சொல்ல வேண்டாம், தங்கச்சி. ஊரின் பெயரைச் சொல்லுங்கள். ஸ்டிம்சனிடம் பட்டியல் இருந்தது, அவர் பெயர் சொல்லித்தான் வெட்டினார், பெயர் சொல்லித்தான் விட்டார். நீங்களும் இந்த மேடையில், இந்த ஒலிவாங்கியில், போடலாம் என்று ஓர் ஊரின் பெயரைச் சொல்லுங்கள். உலகத்தில் எந்த ஊராக இருந்தாலும் சரி. பெயர் சொல்லாமல் இறங்கினால், நடுவர் அவர்களே, அந்த அணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காதீர்கள்.

தங்கச்சி, ஒலிவாங்கி உங்களுடையது. வணக்கம்.